மாடியில் ஊதிய சங்கு

தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊரையே பட்டப்பகலில் ஓட வைத்தவள் நான்தான். இத்தனை நாள் கழித்து ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை (கொஞ்சம் இருக்கிறது).

நான் கிளவுட் இன்ஜினியர். எங்கேயோ இருக்கிற சர்வர்களில் புது மென்பொருள் ஆள் கை படாமல் தானாக ஏறும்படி செய்து, அவை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஊருக்குச் சொன்ன விளக்கம், கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்.

அப்போது ஒரு வருடமாக வீட்டிலிருந்தேதான் வேலை. எட்டு மணிக்கெல்லாம் அம்மாவோடு பாதி ஊரும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடும். அப்புறம் நானும் மாடி அறையும்தான். டீமில் ஒன்பது பேர். எல்லாரும் கேமராவை அணைத்து வைத்திருப்பார்கள், ஒரு முகமும் தெரியாது. சில நாள் மத்தியானம் வரை வாயே திறந்திருக்க மாட்டேன். கோலமாவு விற்கிறவர் வந்தால் பேச்சுக்காகவே பேரம் பேசி வாங்குவேன். வீட்டில் ஒரு டின் நிறையக் கோலமாவு சேர்ந்திருந்தது.

ஒரு நாள் சர்வர் நின்றுபோன எச்சரிக்கை போனில் 'டிங்' என்று வந்தபோது, நான் கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை. மேனேஜர் திட்டிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை எச்சரிக்கைக்குத் தீயணைப்பு வண்டிச் சத்தத்தை வைத்து, போனைப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து, மாடி ஜன்னலில் வைத்தேன். (பட்டாசு ஊரில் பிறந்தவளுக்கு வரவேண்டிய யோசனையா இது?)

பதினோரு மணிக்குத் தெருமுனைக் கடையில் மல்லித்தழை வாங்கும்போது அந்தச் சத்தம் வந்தது. எங்கள் ஊரில் அதைக் கேட்டால் கம்பெனியில் தீ என்றுதான் அர்த்தம், யாரும் நின்று யோசிப்பதில்லை. கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு ஓடினார். பெண்கள் அலறிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடினார்கள். நானும் ஓடினேன். சத்தம் என் வீட்டு மாடியிலிருந்துதான் வருகிறது என்று காது சொன்னது; கால் கேட்கவில்லை. அம்மா, அம்மா என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். அந்த ஒரு வருடத்தில் என் கையைப் பிடித்த முதல் ஆள் அவர்தான்.

எதிரே கம்பெனி ஆட்கள் ஊரைப் பார்த்து ஓடி வந்தார்கள். தீ ஊருக்குள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா. பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி அப்பிய கையால் என்னை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒனக்கு ஒண்ணுமில்லையேத்தா?"

"ஒனக்கும்மா?"

இருவரும் அழுதோம். போர்மேன் அண்ணாச்சி மூச்சிரைக்க நாலு பக்கமும் பார்த்தார். "புகையவே காணமே. வண்டி எங்கன நிக்கிது?"

போனில் 'பார்த்துவிட்டேன்' என்று நான் தட்டும்வரை அந்த எச்சரிக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப அடிக்கும். அடித்தது. மொத்த ஊரும் எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"அது எங்க ஆபீஸ் சர்வர், அண்ணாச்சி," என்றேன்.

அவர் ஜன்னலை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தார். "சர்வருக்கு உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையை விடவும் இல்லை.

அன்று சர்வரைச் சரிசெய்ய ஏன் தாமதம் என்று மேனேஜர் ஒரு படிவம் அனுப்பிக் கேட்டார். நெட்வொர்க் கோளாறு என்று எழுதினேன். அம்மாவைத் தேடி ஓடினேன் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. ஒன்பது பேரில் யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவும் இல்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அம்மா வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. அந்த நாளிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறாள். பக்கத்தில் பெண்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

"என்னத்தா, ஒன் சர்வர் எரியுதா?"

இல்லை என்றால் உடனே வைத்துவிடுவாள். அதனால் எல்லாச் சர்வரும் ஒழுங்காக ஓடுகிற நாளிலும், "லேசாப் புகையுதும்மா" என்றுதான் சொல்கிறேன். அப்படிச் சொன்னால் இன்னும் ரெண்டு நிமிஷம் பேசுவாள்.