கோட்டைச் சுவரில் காய்ந்த வலைகள்

ஒரு விஷயத்தில் பாதி மட்டும் தெரிந்தவனுக்கு இருக்கும் தைரியம் முழுதும் தெரிந்தவனுக்கு வராது. எனக்கு அந்தத் தைரியம் கொட்டிக் கிடந்த வயதில், பழவேற்காட்டு ஒல்லாந்து வியாபாரிகள் கோட்டையின் பாதிரியாருக்கு நான் துபாஷி. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "இன்று நீயே பேசு" என்று வசனத்தை விளக்கினார். கடலோர வியாபாரப் பட்டினமான தீருவைப் பற்றி எபிரேயத் தீர்க்கதரிசி ஒருவர் சொன்னது அது. மதில்கள் விழும், வெறும் பாறை மிஞ்சும், அதில் வலை விரிப்பார்கள். அந்தத் தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர். அவருடைய எருசலேம் அழிந்தபோது, இனி வியாபாரமெல்லாம் தனக்கே என்று தீரு மகிழ்ந்தது. அதற்குப் பதிலாக வந்த வார்த்தை இது. "முதலில் இதைச் சொல், பிறகு வசனத்துக்குப் போ" என்றார்.

பழைய ராஜாக்கள் கதையைச் சொன்னால் ஜனங்கள் தூங்கிவிடுவார்களே என்று அதை விட்டுவிட்டேன். (அதுவரை என் பேச்சில் தூங்காதவர் யாருமில்லை என்பது வேறு விஷயம்.)

கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் மீனவக் குப்பத்துக்காரர்கள். கோட்டை எதிரே இருந்த மணல்மேட்டில் வலை காயவைக்கக் கூடாதென்று அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. வலைகள் ஈரத்தோடு கிடந்து இற்றுக்கொண்டிருந்தன. நான் கையை நீட்டி முழங்கினேன்: "வியாபாரிகளின் மதில் விழும்! அங்கே உங்கள் வலை காயும்!"

அன்று யாரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை கோட்டைச் சுவரெங்கும் வலைகள். பீரங்கி மேல்கூட ஒன்று தொங்கியது. சிப்பாய்கள் எல்லாவற்றையும் வாரிக் குவித்து, என் மனைவியின் அண்ணன் எல்லப்பனையும் பிடித்து வைத்துவிட்டார்கள்.

"இன்னா சொன்னே நேத்து?" என்று கத்தினாள் என் மனைவி. "உன் பேச்சக் கேட்டுத்தானே எங்கண்ணன் போச்சு! வலையக் கொளுத்திட்டா குப்பம் இன்னாத்தத் துன்னும்?"

ஓடினேன். வலைக்குவியல் பக்கத்தில் ஒருவன் தீப்பந்தத்தோடு நின்றிருந்தான்.

"எங்கள் கோட்டை விழும் என்றாயா?" என்று கேட்டார் கோட்டைத் தலைவர்.

விட்ட கதையை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. ஊரை இழந்து அந்நிய மண்ணில் கிடந்த ஒருவர், அந்த இழவில் மகிழ்ந்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அதை வைத்து நான் கூத்தாடியிருந்தேன்.

"அப்படியானால், இது எங்களைப் பற்றி இல்லை?"

"இல்லை ஐயா. பிறர் அழிவில் லாபம் பார்த்த ஊரைப் பற்றி."

(சத்தியமாகக் குத்தலாகச் சொல்லவில்லை. பயத்தில் வந்தது.)

அவர் வலைக்குவியலைப் பார்த்தார். பிறகு பந்தத்தை அணைக்கச் சொன்னார்.

வெளியே வந்த எல்லப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா மாப்ள, அந்த ஊரு வேற எங்கியோ கீதுன்னு நேத்தே சொல்லக்கூடாதா?"

மணல்மேட்டு உத்தரவு மாறவில்லை. குப்பத்தார் முகத்துவாரம் தாண்டிப் போய்த்தான் வலை உலர்த்தினார்கள். ரொம்ப நாள் நானும் கூடவே சுமந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதைச் சொன்னாலும் என் மனைவி கேட்பாள்: "எந்த ஊர்ல? எந்த ராசா காலத்துல?" இப்போது பேரப்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நேற்று மழையில், "கூரை ஒழுகுகிறது" என்று கத்தினேன். உள்ளேயிருந்து எல்லோரும் ஒரே குரலில் அதைத்தான் கேட்டார்கள்.

"இந்த ஊரில், இந்த ராஜா காலத்தில், என் தலையில்!" என்று விளக்கம் சொல்லி முடித்த பிறகுதான் சட்டி வந்தது.