எர்த் அண்ணாத்தயும் மீன் வண்டியும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை ஓடும் வண்டிக்காரர்களில், எர்த் அண்ணாத்தயிடம் திட்டு வாங்காதவர் என்று ஒருவர் இருந்தால் அவர் நேற்றுதான் வண்டி வாங்கியிருப்பார்.

திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். பேட்டரி ஒயரை வண்டியின் பாடியோடு முடுக்கியிருக்கும் இடத்துக்கு எர்த்து என்று பெயர். உலகத்தின் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் காரணம் என்பது அண்ணாத்தயின் கொள்கை. செல்ஃப் எடுக்கவில்லையா, எர்த்து. எனக்குத் தலைவலியா, அதுவும் எர்த்து. டீயில் சர்க்கரை குறைந்தபோதுகூட மாஸ்டரை அப்படித்தான் பார்த்தார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே வேடிக்கை. முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினார். அது ஓடிய நேரத்தைவிட எங்கள் கடையில் நின்ற நேரம் அதிகம். நின்ற நேரமெல்லாம், "இந்த ஒயரு எங்க போவுது? அது ஏன் செவப்பு?" என்று முதலாளியைக் குடைந்தெடுத்தார். தாங்க முடியாத முதலாளி ஒருநாள், "யோவ், ஒண்ணு வண்டிய எட்த்துகினு போ, இல்ல ஸ்பேனர எடு" என்றார். அண்ணாத்த ஸ்பேனரை எடுத்தார். பிறகு ஐ.டி.ஐ.யில் குறுகிய காலப் பயிற்சியும் முடித்தார். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போதே இவர் சந்தேகம் கேட்டாராம்.

"ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஆவணும்னா இன்னாண்ணா பண்ணணும்?" என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "மொதல்ல ஒரு டப்பா வண்டி வாங்கு. மிச்சத்த அது கத்துக் குடுக்கும்."

ஒருநாள் காலை மீன்காரம்மாவின் வண்டி எங்கள் கடை வாசலில் நின்றுபோனது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் மீனை ஏலம் எடுத்து, தானே வண்டி ஓட்டிச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். கணவர் இறந்து பல வருடம். பின்னால் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அண்ணாத்தயோ பானெட்டைத் திறக்காமல் விசாரணையை ஆரம்பித்தார்.

"எப்போ கழுவுன? பெட்டித் தண்ணி எங்க ஒழுவுது?"

"யோவ், நீ எலெக்ட்ரீசனா, போலீசா? மீனு நாறிப்போவுதுய்யா!"

உப்புத் தண்ணீர் ஒழுகி எர்த்து துருப்பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாத்தயின் கொள்கை முழுசாக ஜெயித்தது. சுரண்டி முடுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் மீன்காரம்மா மறுபடி வந்தார். "லைட்டு கொஞ்சம் மங்கலா கீது." அண்ணாத்த எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு நாள், "ஆரன் சவுண்டு அழுவுற மாதிரி கீது" என்றார். அதிலும் ஒன்றும் இல்லை. அண்ணாத்தக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மச்சான், தொழில வுட்டுடலாம்னு பாக்குறேன். ஒரு வண்டில பால்ட்டு கண்டுபுடிக்க முடியல."

"அண்ணாத்த, அந்த வண்டில ஒண்ணுமே இல்ல."

"அப்பறம் ஏன் வருது?"

"வண்டி எங்க வருது? அவங்க வர்றாங்க."

அண்ணாத்த கையிலிருந்த டெஸ்ட் லாம்ப்பைக் கீழே வைத்தார். அன்று மதியம் வரை அவர் யாரையும் திட்டவில்லை. வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள்.

மறுமுறை மீன்காரம்மா, "வைப்பரு..." என்று ஆரம்பித்தபோது அவர் பானெட் பக்கமே போகவில்லை. ஊரையே கேள்வியால் துளைத்தவருக்கு வாய் குழறியது.

"நாஸ்தா... ஆச்சா?"

மீன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதக் கேக்க உனக்கு இவ்ளோ நாளாய்யா?"

கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. இப்போது அண்ணாத்த குப்பத்துக்குப் பக்கத்திலேயே, கடற்கரைச் சாலையில் சொந்தக் கடை வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அவரைப் பார்க்கப் போனேன். கடை வாசலில் நுழைகிறபோதே மீன்காரம்மா உதட்டில் விரல் வைத்தார்.

"காலைலேர்ந்து வேலை. இப்பதான் கண்ண மூடினாரு."

நான் இன்ஜினை அணைத்து, பைக்கைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய்ப் பூவரசு நிழலில் நிறுத்தினேன். அவர் எழுந்திருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.