முதல் ரக ஈயக்குண்டு

பாலக்கோடு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு,

தர்மன் எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் சுமாராக இருக்கிறோம். ஓசூரில் நீங்களும் என் தங்கையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டியில் எங்கள் வீட்டில் தங்கிப் பயிலும் உங்கள் மகள் கோகிலவாணி ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலிடம், அரூர் ஜாஸ்மின். பயிற்சியாளர் கலைவாணன் இன்று காலை நேரில் உறுதிசெய்த தகவல் இது. மாநிலப் போட்டிக்கு ஒருவர்தான் போக முடியும். "இந்தத் தடவையும் தேறலன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வரட்டும்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. போனில் விளக்கினால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம். நெடுநாள் நிருபராக இருந்தவன் சொல்கிறேன்: குற்றம் பிள்ளை மேல் இல்லை, குண்டு மேல்.

ஏர் ரைபிளில் போடும் ஈயக்குண்டு மிளகு அளவுதான். ஒரே டப்பாவில் ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்று அடி நசுங்கியது. போன மாதம் எங்கள் கொல்லையில் கோகிலா சுட்டதில் ஒன்று நடுவில் பட்டது, அடுத்தது ஓரத்தில் பட்டது, அதற்கடுத்தது பக்கத்து வீட்டுப் பச்சியப்பனின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் பட்டது, அவர் வந்து, "ஏனுங்க, பாப்பா எங்க தொட்டியத்தான் குறி பாக்குதுங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா வட்டம் போட்டுக் குடுத்திருப்பனே" என்றார், என் மனைவி நிர்மலாதேவி கண் பட்டுவிட்டது என்று துப்பாக்கிக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள், அந்த நெடியில் கோகிலாவால் கண்ணையே திறக்க முடியவில்லை, நான் மூச்சை அடக்கிச் சுடச் சொன்னேன், அடக்கினாள், தலை சுற்றியது, கடைசியில் கலைவாணன் துப்பாக்கியை மேசையோடு அசையாமல் இறுக்கிக் கட்டிச் சுட்டுப் பார்த்தார், அப்போதும் குண்டு சிதறித்தான் போனது. கைக்குக் குற்றமில்லை என்பது அங்கேயே தெளிவாயிற்று.

நிர்மலா தக்காளி மண்டிக்காரர் மகள் அல்லவா. "தக்காளிய ரகம் பிரிக்கறோம், இதப் பிரிச்சா ஆவாதுங்களா?" என்று நகைக்கடைத் தராசை இரவல் வாங்கி வந்தாள். ஒரே எடை உள்ளவை முதல் ரகம், மீதி கழிசல். முதல் ரகத்தைப் போட்டுச் சுட்டால் அட்டையில் குண்டு மேல் குண்டு, ஒரே ஓட்டை.

போட்டியன்று ஜாஸ்மின் தன் டப்பாவைத் தவறவிட, யாரோ மிதித்துவிட்டார்கள். "ஆன்ட்டி, கொஞ்சம் குண்டு குடுங்களேன்" என்று வந்து நின்றாள். நிர்மலா திரும்பி உட்கார்ந்து ஒரு டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள்.

"எதக் குடுத்தீங்க அத்தை?" என்றாள் கோகிலா.

"முதல் ரகந்தான். வெளியாளுக்குக் கழிசலைக் குடுத்தா எங்கப்பன் மண்டி பேரு என்ன ஆவறது? நீ வூட்டுப் புள்ள, இருக்கறத வெச்சு சுடு."

அதன்பின் கோகிலா ஒவ்வொரு குண்டையும் விரலில் உருட்டிப் பார்த்துத்தான் போட்டாள். குண்டு எங்கே போகுமோ என்ற யோசனையிலேயே சுட்டாள். கழிசலை வைத்துக்கொண்டு ஒரே புள்ளியில் பின்தங்குவதைத் தோல்வி என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஜாஸ்மின் நல்ல பெண். "அவ குண்டுலதான் ஜெயிச்சேன் சார்" என்று அவளே கலைவாணனிடம் சொல்லிவிட்டாள். இருவருக்கும் ஞாயிறு காலை மறுதேர்வு. அதுவரை பெட்டி கட்டச் சொல்லாதீர்கள்.

என் தங்கைக்கு ஆசிகள். உங்கள் கோபம் தணிய என் வேண்டுதல்கள்.

அன்புடன்,
தர்மன்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் வந்த செய்தி என்பதால் உறையின் முதுகில் எழுதுகிறேன். ஜாஸ்மின் திருப்பித் தந்த மீதிக் குண்டுகளையும் கோகிலாவின் டப்பாவையும் கலைவாணன் எடை போட்டார். ஜாஸ்மினுக்குப் போனது கழிசல். கோகிலா சுட்டதுதான் முதல் ரகம். நிர்மலாவைக் கேட்டேன். "மண்டியில வெளிய போற பொட்டிக்கு மேல் வரிசை மட்டுந்தானுங்க நல்லது வெப்பாங்க, கீழ பூராவும் கழிசல். கை தானா நிரப்பிருச்சு. அந்தப் புள்ள பக்கத்துலயே நிக்குது, கழிசல்னு எப்படிங்க சொல்றது?" என்கிறாள். ஆகவே குண்டு மேல் நான் சுமத்திய குற்றத்தை வருத்தத்துடன் திரும்பப் பெறுகிறேன். அறிவித்துவிட்டதால் மறுதேர்வு மட்டும் உண்டு. கோகிலா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்: "எந்த ரகம்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க மாமா." முடிவு ஞாயிறு மதியம் தெரியும்.