யாரும் கொடுக்காத விலை

ஷின்ச்சு நகரத்து நீலக்கொக்கு சில்லு நிறுவனத்தில், ‘சரிவு’ என்ற சொல்லை ஊழியர்கள் எவரும் உச்சரிக்கலாகாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. உலகமே கைபேசி வாங்குவதை நிறுத்தியிருந்த ஆண்டு அது. விற்காத கைபேசிச் சில்லுகள் கிடங்குக் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அதற்கு ‘வளமான கையிருப்பு’ என்று பெயர்.

நிறுவனத்தின் விற்பனை மேலாளர் லாய் ஷூ-ஃபென்னை, பெரிய கைபேசிக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி யென் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிட அழைத்தார். அவர் அழைத்தால் பில் அவளுடையது.

“சில்லு ஒண்ணு ரெண்டு டாலர்னா எப்படி மேடம்? உங்க போட்டிக் கம்பெனி வெண்கழுகுக்காரங்க ஒன்றரைக்குத் தர்றாங்களே!”

“ஒன்றரையா? செய்யறதுக்கே ஒண்ணே முக்கால் ஆகுதுங்க!”

“அது அவங்க திறமை,” என்று நூடுல்ஸை உறிஞ்சினார் யென்.

லாய் பில்லைக் கட்டினாள். இந்த ஆர்டர் போனால் ஆலையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மறுநாள் காலை சோயாப்பால் கடையில் வெண்கழுகின் விற்பனை மேலாளர் ஃபாங் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். போட்டியாளர்கள் தங்களுக்குள் விலையைப் பற்றிப் பேசுவது சட்டப்படி குற்றம். ஆகவே இருவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வானிலை பேசினார்கள்.

“அக்கா, உங்க பக்கம் ஒன்றரை டிகிரியாமே? யென் சொன்னாரு.”

“எங்க பக்கமா? உங்க பக்கம்தான் ஒன்றரைன்னாரு!”

“அய்யோ, நாங்க ரெண்டுலேயே நிக்கறோம்க்கா.”

“நாங்களும்தான்! படுபாவி, ரெண்டு பேர்கிட்டயும் புளுகியிருக்கான்.”

லாய் மூச்சிரைக்கத் தன் நிறுவனத் தலைவர் கூ என்பவரிடம் ஓடினாள்.

“ஐயா, ஒன்றரைக்கு யாருமே கொடுக்கலை! அத்தனையும் பொய். நாம அசையாம நின்னா போதும்.”

தலைவர் கண்ணை மூடினார். திறந்தபோது ஒளி தெரிந்தது.

“யாருமே கொடுக்கலையா?”

“யாருமே.”

“அப்ப நாம கொடுத்தா, நாம மட்டும்தானே!”

“ஒவ்வொண்ணுக்கும் கால் டாலர் நஷ்டம் ஐயா.”

“நிறைய வித்து ஈடுகட்டலாம்.”

“நஷ்டத்தை எப்படி ஐயா நிறைய வித்து…”

“நீ விற்பனையைப் பாரு. தொலைநோக்கு என் இலாகா.”

அதே வேளையில் வெண்கழுகின் தலைவருக்கும் அதே ஞானம் உதித்திருந்தது. மாலைக்குள் யென் மேசையில் இரண்டு ஒன்றரைகள் வந்து உட்கார்ந்தன. தன் பொய் இப்படி உண்மையாகிப் போனதில் அவர் கொஞ்சம் பயந்துகூடப் போனார். பிறகு தேறிக்கொண்டு லாய்க்குப் போன் செய்தார்.

“ரொம்ப சந்தோஷம் மேடம். அடுத்த மாசம் வாங்கிக்கறோம்.”

“அடுத்த மாசமா? நீங்க கேட்ட விலைதானே!”

“ஒரே நாள்ல அரை டாலர் இறங்கியிருக்கு. இப்ப வாங்கினா எங்க முதலாளி என்னை முட்டாள்ம்பாரு. இன்னும் இறங்கும், பாருங்க.”

நீலக்கொக்கு நிர்வாகம் துணிவுடன் செயல்பட்டது. ஊழியர்களுக்குச் சம்பளமில்லாத விடுப்பு அளித்து, அதற்கு ‘சுய மேம்பாட்டுப் பருவம்’ என்று பெயரிட்டது.

லாயும் மேம்படப் போனாள். கையிலிருந்த போன் திரை உடைந்து கிடந்ததால், முதல் நாளே கைபேசிக் கடைக்குள் நுழைந்தாள். அங்கே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

“புதுசு அக்கா, விலையும் குறைச்சிருக்கோம்,” என்றாள் கடைப் பெண். “எடுத்து வைக்கட்டுமா?”

லாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடித்திருந்தது. ஆனால் தொழில் தெரிந்தவள் அல்லவா!

“உள்ள இருக்கற சில்லு விலை விழுந்துக்கிட்டே இருக்கும்மா. இப்ப வாங்கறவன் ஏமாளி. அடுத்த மாசம் வர்றேன்.”

பக்கத்தில் பணப்பையைத் திறந்திருந்தவர்கள் அதைக் கேட்டு, பையை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே வெளியேறினார்கள்.