பண்டலுக்கு அடியிலிருந்து ஒரு ‘வாங்க’

பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒரு வியாதி உண்டு; தங்களுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று தோன்றும். எங்கள் வம்சத்திலேயே முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான். எனக்கு அது முற்றிப் போயிருந்தது.

திருப்பூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. சேர்ந்த வாரமே முதலாளி என்னைத் தனியாக விட்டுப் பல்லடம் கிளம்பினார்.

“தீபாவளிக்குப் போற பனியன் சரக்குங்க அம்மிணி. பொழுது சாயறதுக்குள்ள மதுரைக்கு லாரி கெளம்பியாகோணும். போச்சுன்னா வேலை உங்களுக்குத்தான்.”

(போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை போனால் கட்டிக்கொடுப்பதற்கு என்று அத்தை வீட்டில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.)

மத்தியானம் டிரைவர் சின்னச்சாமி அண்ணன் சுமை தூக்குகிறவர்களோடு வாசலில் வந்து நின்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அதுதான் அதிகாரி லட்சணம் என்று நம்பியிருந்தேன்.

“மதுரை லோடுதானே? சீக்கிரம் ஏத்துங்க.”

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், எல்லோரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் உட்கார்ந்துட்டீங்க?”

“ஏனுங்க அம்மிணி, வாசலுக்கு வந்தவனை ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க,” என்றார் சின்னச்சாமி அண்ணன்.

“இது வீடு இல்லைங்க. ஆபீஸ்.”

“அப்ப ஆபீசே ஏத்திக்கட்டுமுங்க.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பனியன்தானே என்று பண்டலைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. மேலடுக்கில் இருந்ததைப் பிடித்து இழுத்தேன். அது வந்தது, முழுசாக என் மேலேயே வந்தது. (போட்டுக்கொள்ளும்போது இல்லாத கனம் பனியனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ.) தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே இருந்தன.

“அம்மிணி பண்டலை ஏத்தறாங்களா, பண்டல் அம்மிணி மேல ஏறுதுங்களா?” என்று மரத்தடியில் ஒருவர் சந்தேகம் கேட்டார்.

படித்த பாடம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. கிடந்தபடியே சொன்னேன்: “வாங்கண்ணா. எல்லாரும் வாங்க.”

“இதா வந்துட்டமுங்க.” பீடியை அணைத்துவிட்டு வந்து பண்டலைப் புரட்டினார் சின்னச்சாமி அண்ணன். “சோறு உண்டீங்களா கண்ணு?” என்று கேட்ட பிறகுதான் லாரிப் பக்கம் போனார். வெயில் தாழுமுன் லாரி கிளம்பியது.

பல்லடத்தில் நிறுத்தி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் சின்னச்சாமி அண்ணன் மதுரைக்குப் போயிருக்கிறார். ஆனாலும் வேலை எனக்கே நிலைத்தது. இப்போதெல்லாம் லாரி நிற்பதற்குள் நான் வாசலில் நிற்கிறேன்.

கதை வீடு வரைக்கும் வந்துவிட்டது; அங்கேதான் விமோசனம் இல்லை. விருந்தாளியைப் பார்த்து நான் “வாங்க” என்றால் போதும், உள்ளிருந்து அப்பன் குரல் கொடுப்பார்:

“பரவால்லீங்க, இன்னைக்கு நின்னுக்கிட்டே சொல்றா.”