டெல்லிக்கு நாள் பார்த்தவர்

மனிதர்களில் பயணம் போகிறவர் ஒரு ரகம், பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர் இன்னொரு ரகம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம். இரண்டாவது ரகத்துக்குத் திட்டக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கொடைக்கானல் என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னால் போதும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த வளைவில் குமட்டும், எங்கே இறங்கி இட்லி சாப்பிட வேண்டும், அந்த இட்லிக்கு எந்தச் சட்னியைத் தொடக் கூடாது என்பதுவரை சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவார். அவர் கொடைக்கானல் போயிருக்கிறாரா? அதைக் கேட்காதீர்கள். கேட்பது மரியாதை இல்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் சிவசாமி இந்த ரகத்தில் முதல் தரம். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக அவர் போட்டுக்கொண்டிருந்த திட்டம், டெல்லிக்குப் போய் நாடாளுமன்றத்தைப் பார்ப்பது.

ஆசை அவருடையது அல்ல. அவர் மனைவி பிரகதீஸ்வரியுடையது. பிரகதீஸ்வரி ஊராட்சியில் வார்டு மெம்பர். மெம்பர் என்றால் கூட்டத்துக்குப் போவது, கையெழுத்துப் போடுவது, மிக்சரும் டீயும் முடிந்ததும் எழுந்து வருவது. கண்மாய்க்கரைத் தெருவில் விளக்கு எரியாததைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் போவார். தலைவர் தொண்டையைக் கனைத்ததும் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"டிவியில பாக்குறேன், பொம்பளைங்க எந்திரிச்சு நின்னு கேக்குறாங்க. நேர்ல ஒருதடவ பாத்துட்டா எனக்கும் அந்தத் தைரியம் வந்துரும்ங்க," என்றார் கணவரிடம். "என் பதவி முடியிறதுக்குள்ள போயிட்டு வந்துரணும்."

நியாயமான ஆசை. அதைத் தவறான ஆளிடம் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே 'பார்லிமெண்ட் டூர்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உதயமானது. பக்கத்து வீட்டு வாத்தியார் ஜஸ்டினும் அவர் மனைவி ஷர்லியும் கேட்காமலே அதில் சேர்க்கப்பட்டார்கள். அதிகாலையில் ஷர்லி போனைத் திறந்தால் சிவசாமியின் குரல் வரிசையாகக் காத்திருக்கும். ரயிலில் ஜன்னலோரம் யார், மேல் படுக்கை யார், புளிச்சோறு எத்தனை வேளைக்குத் தாங்கும், பரிந்துரைக் கடிதம் தரப்போகும் எம்.பி.க்கு முந்திரிப் பருப்பை முழுசாகக் கொடுப்பதா வறுத்துக் கொடுப்பதா. குளிருக்கு மப்ளரும் வெயிலுக்குக் குடையும் வாங்கியாகிவிட்டது, எந்த மாதம் போவது என்று முடிவாகாததால்.

அந்த மாதம்தான் சிக்கல். நாடாளுமன்றம் வருடம் முழுக்கக் கூடுவதில்லை. கூடும்போதோ நம் சிவசாமியைக் கேட்டுக் கூடுவதில்லை. மழைக்காலக் கூட்டம் வந்தது. அது ஆடி மாதம்.

"ஆடியில யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா தம்பி?"

"கல்யாணமாண்ணே பண்ணப் போறோம்? பாத்துட்டு வரப் போறோம்," என்றார் ஜஸ்டின்.

"மொத மொத டெல்லிக்குப் போறது நல்ல காரியந்தானப்பா."

குளிர்காலக் கூட்டம் வந்தது. கார்த்திகையில் சிவசாமி மலைக்கு மாலை போட்டிருந்தார், மார்கழியில் ஜஸ்டினுக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலை. பட்ஜெட் கூட்டம் வந்தது. மாசியில் ஜஸ்டின் வீட்டில் தவக்காலம், பங்குனியில் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. டெல்லிக்குப் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வர ரயில் எதுவும் இல்லை என்பதைச் சிவசாமி ஸ்டேஷனில் விசாரித்தே உறுதி செய்துகொண்டார். தப்பித் தவறி ஒரு நல்ல வாரம் அகப்பட்டால் டிக்கெட் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோதான் கிடைக்கும். அந்த இரண்டு நாளும் வடக்கே சூலம். டெல்லி வடக்கே இருப்பது யார் குற்றம்?

இப்படியே போய், மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவசாமி குற்றமே சொல்ல முடியாத ஒரு வாரத்தைக் கண்டுபிடித்தார். மே மாதம். ஆடி இல்லை, காப்பு இல்லை, தவக்காலம் இல்லை, சூலம் இல்லை, பள்ளிக்கூடமும் லீவு. மற்ற மூன்று பேரையும் உட்காரவைத்து அறிவித்தார்.

ஷர்லிதான் கேட்டார். "ஏண்ணே, மே மாசம் அங்க சபை நடக்குமா?"

"நடக்காதும்மா. அதுதான் நமக்கு வசதி. கூட்டம் நெரிசல் இல்லாம நிதானமாச் சுத்திப் பாக்கலாம்."

"அங்க யாரப் பாக்குறது?" என்றார் பிரகதீஸ்வரி.

"கட்டடத்தத்தான். அவங்க உக்கார்ற நாக்காலியெல்லாம் காட்டுவாங்க."

"நாக்காலி எங்க ஊராட்சி ஆபீஸ்லயும் கெடக்குங்க. எந்திரிக்கிற ஆளுகளத்தான் நான் பாக்கணும்னேன். வர்ற மார்கழியோட என் பதவியே முடியுது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஒருவரும் சிவசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. மே மாதத் திட்டம் அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

அதன்பின் பிரகதீஸ்வரி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எம்.பி.யின் உதவியாளருக்குத் தானே போன் செய்தார், வார்டு மெம்பர் பேசுகிறேன் என்றார், ஆதார் நகலோடு நேரில் போய் அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஷர்லி போனிலேயே இரண்டு டிக்கெட் எடுத்தார். முந்திரி கொடுக்கப்படவில்லை, வறுத்தும் வறுக்காமலும்.

சிவசாமி பெட்டியைப் பார்த்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தார். "ஆடி மாசம். அதுலயும் செவ்வாக்கெழம. வடக்க சூலம்."

"பாலக் குடிச்சிட்டுத்தாங்க கெளம்புறேன். சூலத்துக்கு அதானே பரிகாரம்?" என்றார் பிரகதீஸ்வரி, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே. கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பெண்களும் ஏறிப் போய்விட்டார்கள்.

சிவசாமி விடுவாரா? வீட்டில் இருந்தபடியே போனில் பயணத்தை நடத்தினார். நாக்பூர் தாண்டிவிட்டதா, தண்ணீரை மூடி வைத்திருக்கிறாயா, எந்தப் பக்கமாக இறங்குகிறாய். நாடாளுமன்ற வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தனை நேரமும் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. அவருக்கு வருத்தமாக இருந்தது. மனைவி தனியே போனதில் இல்லை. தன் ஏற்பாடு எதுவுமே இல்லாமல் அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களே, அதில்.

சாயங்காலம் போன் வந்தது. "பாத்தேங்க. ஒரு அம்மா எந்திரிச்சாங்க. உக்காருங்க உக்காருங்கங்கறாங்க, அவங்க உக்காரவே இல்ல. கை நடுங்குது அவங்களுக்கு, மேல கேலரில இருந்து நல்லாத் தெரியுது. ஆனாலும் கேட்டு முடிச்சிட்டுத்தான் உக்காந்தாங்க."

"கை நடுங்குச்சா?"

"ஆமாங்க. அவங்களுக்கே நடுங்குது."

அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் தலைவர் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்தார். பிரகதீஸ்வரி எழுந்தார். கை நடுங்கியது, முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கண்மாய்க்கரை வெளக்கு எப்ப எரியும்னு சொல்லுங்க."

"பாக்கலாம்மா, உக்காருங்க."

"தேதி சொல்லுங்க, உக்காந்துர்றேன்."

டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. நின்றவர் நின்றபடியே இருக்க மற்றவர்களுக்குக் குடிக்க மனம் வரவில்லை. கடைசியில் தலைவர் தேதி சொன்னார். அந்தத் தேதியில் விளக்கும் எரிந்தது.

சிவசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, இருட்டியதும் கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு நடை போய், எதிரில் வருகிறவரை நிறுத்தி, அண்ணாந்து பார்க்கவைத்து, இது யார் கேட்டு எரிகிறது தெரியுமா என்பார். அதோடு நின்றாரா? மெம்பருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தியே தீருவது என்று முடிவு செய்தார். பந்தல் யார், மைக் செட் யார், கேசரியில் முந்திரி எவ்வளவு என்பதுவரை தயார். நாள்தான் அமையவில்லை. மார்கழி வந்து பிரகதீஸ்வரியின் பதவியும் முடிந்துவிட்டது, விழா இன்னும் நடந்தபாடில்லை.

எப்படியும் ஒருநாள் உங்களுக்கும் அழைப்பு வரும், தேதி சொல்வார். நல்ல மனிதர், மறுக்காமல் வருவதாகச் சொல்லிவிடுங்கள். அதை விட்டுவிட்டு, "வரலாந்தாண்ணே, அந்த வாரம் மட்டும் தள்ளி வச்சா..." என்று இழுத்தீர்களோ, அந்த நிமிடமே உங்களை விழாக் குழுவில் சேர்த்துவிடுவார்.