எட்டுச் சொட்டும் செங்கல் நிறமும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீயும் உன் விடுதித் தோழிகளும் தலையணை மாதிரி தடித்த அந்தப் பாடப் புத்தகமும் சௌக்கியம்தானே? இங்கே சித்தி நலம். நானும் நலம் என்று எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சொந்தக் கடிதத்தில் தப்புச் செய்தியை விடலாமா? நான் நலமாகிக்கொண்டு வருகிறேன். அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் மன்னிப்புக் கேட்டால் முதலில் நீ அழுவாய், அப்புறம் நான் அழுவேன், அதற்குள் சித்தி போனைப் பிடுங்கி வேறு கதை பேச ஆரம்பித்துவிடுவாள்.

விடுதியில் ஒரே சத்தம், மறுதேர்வுக்குப் படிக்க முடியவில்லை என்று நீ இங்கே வந்து பன்னிரண்டு நாள் தங்கினாய் அல்லவா, அந்தப் பன்னிரண்டு நாளும் இந்த வீட்டில் பயோகெமிஸ்ட்ரி படிக்காத ஆள் கிடையாது. எங்கே திரும்பினாலும் நீ எழுதி ஒட்டிய தாள்: ஃப்ரிட்ஜ் கதவில் கொழுப்பு, குளியலறைக் கதவின் உள்பக்கம் யூரியா, படுக்கையறைச் சுவரில் அம்புக்குறிகளோடு சிட்ரிக் அமிலச் சுழற்சி, முகச்சவரம் செய்ய நிமிர்ந்தால் கண்ணாடியில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அமினோ அமிலங்கள் இருபது. "யாருங்க அந்தப் பைருவேட்? பாப்பா தூக்கத்துலகூட அவனைத் திட்டுறா" என்று, அந்த ரசாயனப் பேரை ஆள் பேராக நினைத்து, சித்தி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். புத்தகத்தை என் கையில் கொடுத்து, "நான் ஒப்பிக்கிறேன், ஒரு கமா விட்டாலும் சொல்லுங்க சித்தப்பா" என்றாய். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தேன். "ஆறு கார்பன், அடுத்தது அஞ்சு, அடுத்தது நாலு" என்று நீ சொல்ல, "நடுவுல ரெண்டு காணாமப் போச்சே, அச்சுப்பிழையா?" என்று கேட்டேன். "அது மூச்சா வெளிய போயிடுச்சு சித்தப்பா!" என்று கத்திவிட்டு நீ தலையை மேஜைமேல் சாய்த்துக்கொண்டாய். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, பத்து நிமிஷம் மூச்சு விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ அழுதுகொண்டிருந்தாய்.

"எலும்புன்னா கையில எடுத்துப் பாக்கலாம். இதயம்னா காது வச்சுக் கேக்கலாம். இதுல தொட்டுப் பாக்க என்ன இருக்கு? ரயில் பெட்டி மாதிரி நீளமா பேரு. நாளைக்கு நான் டாக்டராகி, 'ஐயா, உங்க கார்பனெல்லாம் சௌக்கியமா'ன்னா கேக்கப் போறேன்? இந்தத் தடவையும் போச்சுன்னா எனக்கு மருத்துவமே வேண்டாம்" என்றாய். சமையலறையிலிருந்து சித்தி ஓடி வந்தாள். நான் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடினேன்.

பதினோராம் நாள் காலையில்தான் அந்தக் கூத்து. செய்முறைத் தேர்வுக்குப் பழக வேண்டும், நோய் நொடி இல்லாத ஒருவருடைய சிறுநீர் வேண்டும் என்று கேட்டாய். கேட்ட மாத்திரத்தில் சித்தி மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள். வாளியில் துணியே இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வந்தேன். தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறவன், ஒரு மாத்திரை விழுங்காதவன், என்னைவிட நோய் நொடி இல்லாத ஆள் இந்தத் தெருவில் யார்? கழுவிய ஜாம் பாட்டிலில் கொண்டுவந்து பெருமையோடு நீட்டினேன். நீ கல்லூரியிலிருந்து கொண்டுவந்த அந்த நீல மருந்தில் எண்ணி எட்டுச் சொட்டு விட்டு, கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை வைத்தாய். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்க வேண்டும் என்றாய். அது பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் மாதிரி சிவந்து அடியில் போய் உட்கார்ந்தது. "நார்மலே எனக்குத் தப்பா வருதே!" என்று பதறினாய். குழாயைக் கழுவி மறுபடி செய்தாய், மறுபடியும் செங்கல். சிறுநீருக்குப் பதில் சமையலறைக் குழாய்த் தண்ணீரை விட்டுச் செய்தாய், அது நீலமாகவே இருந்தது. அப்போது உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது. "சித்தப்பா, நான் செஞ்சது சரிதான். நீங்க உடனே ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றாய், மெதுவாக.

அதற்கு நான் சொன்னதை இங்கே மறுபடி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "ஃபெயிலான படிப்பை வச்சுக்கிட்டு, நல்லா இருக்கிறவனை நோயாளி ஆக்காதே" என்றேன். நீ சுவரிலிருந்த தாள்களையெல்லாம் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு மறுநாள் காலை தேர்வுக்குக் கிளம்பிவிட்டாய். பஸ் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலுக்கு வரவில்லை. திரும்பிய பிறகு வந்தேன்.

நீ போனபின் சித்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், ரத்தப் பரிசோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று தாளை வாங்கி, அதை உனக்கே தபாலில் அனுப்பிவைக்கிறேன் பார் என்று வீம்பாகக் கிளம்பினேன். தாள் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 268. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அம்மா, இதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு, இருபத்தாறு புள்ளி எட்டுன்னு இருக்கணும்" என்றேன். பரிசோதனைக்கூடத்துப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படி இருந்தா நீங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க ஐயா, தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க" என்றாள். என் வாழ்க்கையில் நான் போட்ட திருத்தத்தை இன்னொருவர் அடித்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் தாளைக்கூடப் பிறகுதான் பார்த்தார். முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், ரூபாய்க் காசு அளவு. எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது பாப்பா. வலிக்கவே இல்லை. அஞ்சு கிலோமீட்டர் அந்தப் புண்ணின் மேல்தான் தினமும் நடந்திருக்கிறேன். "ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா விரல் போயிருக்கும், மேல எது வரைக்கும்னு சொல்ல முடியாது. சர்க்கரை இருக்குன்னு யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "என் அண்ணன் மகள். மருத்துவம் படிக்கிறா. பயோகெமிஸ்ட்ரியில ஃபெயிலான பொண்ணு" என்று நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "நான் அதுல ரெண்டு தடவை ஃபெயில். அந்தப் பொண்ணு குழாய்த் தண்ணியை வச்சும் சரிபார்த்துச்சா? அப்ப அது டாக்டர்தான். போய்ச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். இப்போது மாத்திரை விழுங்குகிறேன், சித்தி தினமும் என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், புண் ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது. காலையில் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் அஞ்சு விரலையும் எண்ணிக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் நீ கொடுத்தது. நான் சொன்ன அந்தச் சொல்லை மன்னித்துவிடு, மகளே. தேர்வு முடிவு எப்படி வந்தாலும் மருத்துவத்தை விட்டுவிடாதே. மறுபடி எழுத வேண்டியிருந்தால் இங்கே வா, சுவரெல்லாம் காலியாகத்தான் இருக்கிறது. அல்லது சும்மா வா. நன்றாகத் தூங்கு, சாப்பிடு. பயோகெமிஸ்ட்ரி என்ற பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

நோயில்லாமல், நிறைய வருஷம், நிறையப் பேருக்குப் பயன்பட்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் சித்தப்பா.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அப்பா போன் செய்தார். ஐம்பத்திரண்டு மார்க், பாஸ், சனிக்கிழமை நீ இங்கே வருகிறாயாம்! சித்தி அழுதுகொண்டே மாடிப் படியில் நின்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். இங்கே நானோ, என்னோடு நடக்க வருகிறவர்களிடம் விரல் கதையை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஆகவே மேலே 'யாரும் பேச்சை எடுக்க மாட்டார்கள்' என்று எழுதியதை நீக்கிவிட்டு வாசிக்கவும். சனிக்கிழமை நீ வரும்போது ஏழு பேர் பாட்டிலோடு காத்திருப்பார்கள். மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பாட்டில் கொண்டுவருகிறார். எல்லாவற்றிலும் பேர் எழுதி நானே ஒட்டியிருக்கிறேன், பிழை இருக்காது. நீல மருந்து மட்டும் கொஞ்சம் அதிகமாக எடுத்து வா.